ஆறு விரல் மார்க்

புதுவயலில் அப்போது பதினேழு அரிசி ஆலைகள் இருந்தன. பதினாறு ஆலைகள் நெல்லை அவித்து, காயப்போட்டு, அரைத்துப் பிழைத்தன. பதினேழாவது ஆலை விரலால் பிழைத்தது. அப்படித்தான் அதன் முதலாளி கருத்தையா அம்பலம் சொல்லுவார். அவர் ஆலை மூட்டையில் நீல மையில் ஒரு கை அச்சாகியிருக்கும். அந்தக் கைக்கு ஆறு விரல். கட்டைவிரலை ஒட்டி இன்னொரு குட்டிக் கட்டைவிரல். அச்சு வெட்டிக் கொடுத்த காரைக்குடிக்காரன் முதலில் அந்த விரலைச் சுண்டுவிரல் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டானாம். "லட்சுமி வர்ற வாசலையே இடம் மாத்தி வச்சிட்டானப்பா" என்று அவனைத் திரும்ப வெட்டவைத்த கதையை அரிசி பிடிக்க வருகிறவர்கள் எல்லோரும் இரண்டு தடவையாவது கேட்டிருப்பார்கள்.

அந்தக் கை கற்பனை இல்லை. அம்பலம் வீட்டிலும், அந்த வீட்டோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சின்னச்சாமி வீட்டிலும் தலைமுறைக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள் அப்படிப் பிறந்தன. பிரசவம் பார்க்கிறவள் ஆணா பெண்ணா என்று சொல்வதற்கு முன்னால் விரலை எண்ணிச் சொல்ல வேண்டும். ஐந்து என்றால் அவளுக்கு ஒரு சேலை. ஆறு என்றால் கன்றோடு ஒரு பசு. ஆறு விரல் பிள்ளை பிறந்த ஒரு வருஷம் கண்மாய் பெருகி இரண்டு போகம் விளைந்தது. இன்னொரு வருஷம் ஆலைக்கு பாய்லர் வந்தது. கடைசியாகப் பிறந்த வருஷம் கரண்டு மோட்டார் வந்தது. அதே வருஷம் மற்ற பதினாறு ஆலைகளுக்கும் கரண்டு மோட்டார் வந்ததே என்று யாராவது கேட்டால், "யாரால வந்துச்சுன்னு நினைக்கிறீக?" என்று அம்பலம் திருப்பிக் கேட்பார்.

இந்த விரல் வெளியே போய்விடக் கூடாது. அதற்காகத்தான் அம்பலத்தின் மூத்த மகன் முத்துக்கருப்பனுக்குச் சின்னச்சாமியின் மூத்த மகள் ஆயியைக் கட்டினார்கள். எதிர்பார்த்தது வீண் போகவில்லை. பொன்னுத்தாயி ஆறு விரலோடு பிறந்தாள். இளைய மகன் மருதுவுக்குச் சின்னச்சாமியின் இரண்டாவது மகள் கல்யாணசுந்தரி என்பதும் அன்றைக்கே முடிவானது. அப்போது கல்யாணசுந்தரிக்கு வயது பதின்மூன்று. அவளைக் கேட்கவில்லை. எட்டு வருஷம் கழித்தும் கேட்கவில்லை.

இடையில் அவள் பி.எஸ்ஸி. படித்துவிட்டாள். அந்த வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பெண் படிக்க வேண்டும் என்று யாருக்கும் ஞானம் பிறந்துவிடவில்லை. மருது லாரி எடுத்து நிலைக்கிற வரை கல்யாணம் தள்ளிப்போனது. அதுவரை அவள் வீட்டில் உட்கார்ந்து தின்பதற்குப் பதில் காரைக்குடிக் கல்லூரியில் உட்காரட்டும் என்று விட்டார்கள். அதோடு சேல்ஸ் டாக்ஸ் ஆபீஸிலிருந்து நோட்டீசு எல்லாம் இங்கிலீஷில் வந்துகொண்டிருந்தது. "வீட்டுக்கு ஒரு இங்கிலீஷு வேணும்ல" என்றார் அம்பலம். மாடு வேணும், வண்டி வேணும் என்கிற கணக்கில் ஓர் இங்கிலீஷு. அவள் விலங்கியல் எடுத்தாள். தவளையை அறுத்தாள், கரப்பான்பூச்சியை அறுத்தாள், ஐரோப்பாவில் ஒரு சாமியார் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடி வளர்த்துப் பரம்பரைக் குணம் எப்படி இறங்குகிறது என்று கண்டுபிடித்ததை மனப்பாடம் பண்ணி எழுதி எழுபத்திரண்டு மார்க் வாங்கினாள். வீட்டில் யாரும் மார்க்கைக் கேட்கவில்லை. நோட்டீசைக் கொண்டுவந்து நீட்டினார்கள்.

பொன்னுத்தாயிக்கு எட்டு வயது. பார்க்க ஐந்து வயது மாதிரி இருப்பாள். "வைரம் என்ன பூசணிக்காய்த் தண்டிக்கா இருக்கும்?" என்பாள் அம்பலத்தின் மனைவி மலையம்மாள். இவள் சின்னச்சாமியின் அக்கா. ஆயிக்கும் கல்யாணசுந்தரிக்கும் சொந்த அத்தை. பிள்ளையின் முதுகிலும் கையிலும் காப்பியைச் சிந்தின மாதிரி பழுப்புத் திட்டுகள். அதற்கு லட்சுமி மச்சம் என்று பெயர். போன வருஷத்திலிருந்து பிள்ளை வெளுத்துக்கொண்டே வந்தது. எங்கே லேசாக இடித்தாலும் நீலம் பாரித்தது. மூக்கில் ரத்தம் வந்தால் நிற்க ஒரு மணி நேரம் ஆனது. இதற்குத் திருஷ்டி என்று பெயர். இந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் இருந்தது, நோய்க்கு மட்டும்தான் இல்லை.

பூசணிக்காய் உடைத்தார்கள். காளையார்கோவிலுக்கு வேண்டிக்கொண்டார்கள். குட்டிக் கட்டைவிரலில் கறுப்புக் கயிறு கட்டினார்கள். ஆனி மாதம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, ஈறிலிருந்து ரத்தம் கசிந்து, தலையணை நனைந்தபோது கல்யாணசுந்தரி அம்பலத்தின் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, இன்னைக்கு மதுரைக்குக் கொண்டு போகலைன்னா நான் பஸ்ஸுல தூக்கிட்டுப் போயிருவேன். போற வழியெல்லாம் கேக்குறவுகளுக்கு ஆறு விரல் வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிக்கிட்டே போவேன்."

அம்பலம் உடனே காருக்குச் சொல்லிவிட்டார். பிள்ளையை நினைத்து அல்ல, போகிற வழியை நினைத்து.

மதுரை ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா இருந்தார். அம்பலம் துண்டைச் சரிசெய்துகொண்டு, "பெரிய டாக்டரு எப்ப வருவாரு தாயி?" என்று கேட்டார்.

"வந்தாச்சு. உட்காருங்க" என்றார் டாக்டரம்மா.

அவர் முதலில் பிள்ளையின் கையை எடுத்து விரித்து அந்த விரலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சட்டையைத் தூக்கித் திட்டுகளைப் பார்த்தார். பிறகு சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்தார். அம்பலம் மலையம்மாளின் பக்கம் சாய்ந்து, "மொதல்ல விரலைத்தான் பார்த்தாக. மதுரை வரைக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார்.

"பிள்ளையோட அம்மா அப்பா சொந்தமா?"

அம்பலத்தின் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்விக்காகவே மதுரைக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சொந்தமாவா கேக்குறீக? ஆயி எனக்கு மச்சினன் மக. என் பொஞ்சாதி எனக்கு அத்தை மக. எங்க அய்யா அவுக மாமன் மகளைக் கட்டினாக. நாலு தலைமுறையா வெளியில பொண்ணு எடுத்ததும் கிடையாது, கொடுத்ததும் கிடையாது தாயி."

டாக்டரம்மா எழுதினார்.

"எழுதிக்கிட்டாக" என்றார் அம்பலம் மனைவியிடம்.

"குடும்பத்துல சின்ன வயசுல யாராவது இறந்திருக்காங்களா?"

"நோயில செத்த ஆளே எங்க வீட்டுல இல்லை."

கல்யாணசுந்தரி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "மாயக்கண்ணன் மச்சான் எதுல செத்தாக மாமா?" என்றாள்.

"அது கண்ணு பட்டது."

"சின்னக்கண்ணு அத்தை?"

"அவளை ஆத்தா எடுத்துக்கிட்டா."

"உங்க அண்ணன் வீரணன்?"

"முனி அடிச்சது. அவுக என்ன கேட்டாக? நோயின்னுதானே கேட்டாக. கேட்ட கேள்விக்குத்தானே பதில் சொல்லணும்?"

மலையம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாயக்கண்ணன் அவள் தலைப்பிள்ளை, முத்துக்கருப்பனுக்கும் மூத்தவன். சின்னக்கண்ணு அவள் தங்கை. டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுக் கல்யாணசுந்தரியைப் பார்த்தார்.

"அவங்க மூணு பேருக்கும் இந்த மாதிரி விரல் இருந்துச்சா? எந்த வயசுல இறந்தாங்க? தெரிஞ்சா எழுதிக் கொண்டு வாங்க."

பிள்ளையையும் ஆயியையும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். விரல் இருந்தது என்பது ஊருக்கே தெரியும். வயதுதான் யாருக்கும் தெரியவில்லை. "சின்னப் பிள்ளைகதான்" என்றாள் மலையம்மாள். சாதகம் எங்கே என்று கேட்டால், ஆயுசு முடிந்த பிள்ளையின் சாதகத்தை வீட்டில் வைத்திருப்பார்களா என்று அம்பலம் கோபித்தார். ஆனால் அந்த வீட்டில் இன்னொரு பதிவேடு இருந்தது. பதிவேடு என்று தெரியாமலே அவர்கள் அதை அறுபது வருஷமாக எழுதி வந்தார்கள்.

தை மாதம் புதுநெல் கிடங்குக்குள் வரும்போது ஆறு விரல் பிள்ளையின் கையை மஞ்சளில் முக்கி, கிடங்கின் உள்சுவரில் பதிக்க வேண்டும். கை வைக்கிறது என்பார்கள். கைக்குக் கீழே ஆணியால் வருஷத்தைக் கீறுவார்கள். அந்தச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பதில்லை. கல்யாணசுந்தரி பிறந்ததிலிருந்து பார்த்த சுவர்தான். எல்லோரையும் போல அவளும் கும்பிட்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கும்பிடாமல் பார்த்தாள்.

மேல் வரிசை வீரணன். ஒன்பது கைகள். அடுத்த வரிசை சின்னக்கண்ணு. ஏழு கைகள். அதற்கடுத்தது மாயக்கண்ணன். பத்து. ஒவ்வொரு வரிசையிலும் கை ஒரு நூல் ஒரு நூலாகப் பெரிதாகிக்கொண்டு வந்து, கடைசி இரண்டு வருஷம் பெரிதாகாமல், பிறகு சுவர் வெறுமையாக இருந்தது. கீழ் வரிசை பொன்னுத்தாயி. எட்டுக் கைகள். கல்யாணசுந்தரி தன் உள்ளங்கையை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட அவள் கை அளவுக்கு எட்டவில்லை. லட்சுமி நான்கு முறை வந்திருக்கிறாள். மூன்று முறை பள்ளிக்கூடப் பைக்கட்டோடு திரும்பிப் போயிருக்கிறாள். அந்தச் சுவரில் மீசை முளைத்தவன் கையும் இல்லை, வளையல் இறுகின கையும் இல்லை. அத்தனை பேர் கும்பிட்ட சுவரில் ஒருத்தருக்கும் இது உறைக்கவில்லை என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. எதையாவது எடுத்து அடிக்க வேண்டும் போல இருந்தது. நோட்டுத்தாளில் வருஷங்களை எழுதிக்கொண்டு மறுநாள் பஸ் ஏறினாள்.

டாக்டரம்மா தாளை இரண்டு முறை படித்தார்.

"இது பான்கோனின்னு ஒரு சுவிட்சர்லாந்து டாக்டர் எழுதின வியாதி. பிறக்கும்போதே வர்றது. எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடம் கொஞ்சம் கொஞ்சமா வத்திப்போகும். இந்தக் குறையோட பிறந்த பிள்ளைகளுக்கு ரத்தப் புற்றுநோய் வர்றது மத்த பிள்ளைகளைவிட ரொம்ப அதிகம். உங்க பிள்ளைக்கு அது வந்தாச்சு. எலும்பில ஊசி போட்டு எடுத்துப் பார்த்துட்டோம்."

"பிழைக்குமா?"

"ரத்தம் ஏத்தலாம். மருந்து கொடுக்கலாம். வலி இல்லாம பார்த்துக்கலாம். மாசக்கணக்குதான்மா."

கல்யாணசுந்தரி தாளைத் திரும்ப வாங்கி மடித்தாள். பிறகு கேட்டாள்: "விரல்தான் காரணமா?"

"விரல் காரணமில்ல. விரல் ஒரு அடையாளம். ஆறு விரல் இருக்கிற எல்லாருக்கும் இது கிடையாது, நிறையப் பேர் கிழவனாகி நல்லாத்தான் இருக்காங்க. சொந்தத்துல கட்டின எல்லாருக்கும் வர்றதும் கிடையாது. இந்தக் குறை அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, ரெண்டும் சேர்ந்தாத்தான் வியாதி. ஒண்ணு மட்டும் இருந்தா ஆளுக்கு ஒண்ணும் செய்யாது, உள்ள ஒளிஞ்சு கிடக்கும். உங்க குடும்பத்துல ஒளிஞ்சு கிடக்கிறதைத் தேடித் தேடிச் சேர்த்து வச்சிருக்கீங்க. அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டயும் இருந்தா, பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு ஆபத்து."

"எங்க அக்காவுக்கு நான் தங்கச்சி. எங்க மச்சானுக்கு மருது தம்பி. ஆவணியில எனக்கும் அவருக்கும் கல்யாணம்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "உங்ககிட்ட அந்தக் குறை இருக்கலாம், இல்லாம இருக்கலாம். அவர்கிட்டயும் அப்படித்தான். பார்த்துச் சொல்ல இன்னைக்கு வழி இல்ல. வெளியில கட்டினா அந்த ஆள்கிட்டயும் இதே குறை இருக்கிறது ரொம்ப அபூர்வம். நீங்க படிச்சவங்க. வேற என்ன சொல்லணும்?"

படித்தவள் என்பதால் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படித்தவள் என்பதால் அவள் சொல்வதை யாரும் கேட்கவும் இல்லை.

ஆலைக் களத்தில் அவித்த நெல் ஆவி பறந்துகொண்டிருந்தது. அம்பலம் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் முடிக்கும் வரை கேட்டார். நெல்லைக் கால்விரலால் கிளறிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இதை எதுல கண்டுபிடிச்சாக?"

"மொதல்ல பட்டாணிச் செடியில மாமா."

"பட்டாணிக்கு மாமன் மச்சான் முறை உண்டா?"

பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை சிரித்தார். கல்யாணசுந்தரி அவரைத் திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"மூணு பிள்ளை செத்திருக்கு. நாலாவது சாகப்போகுது. நம்ம கிடங்குச் சுவத்துலயே இருக்கு, வந்து பாருங்க."

"யாத்தா சுந்தரி, உன்னை எதுக்குப் படிக்க வச்சோம்? சேல்ஸ் டாக்ஸ் நோட்டீசு படிக்க. வீட்டுச் சுவத்தைப் படிக்கவா?" அம்பலம் குரலை உயர்த்தவில்லை. "அந்த டாக்டரம்மா என்ன சொன்னாக? சொந்தத்துல கட்டின எல்லாருக்கும் வராதுன்னு சொன்னாகளா இல்லையா?"

"சொன்னாக."

"உனக்கும் மருதுக்கும் இல்லாமலும் இருக்கலாம்னு சொன்னாகளா இல்லையா?"

"இருக்கலாம்னும் சொன்னாக."

"மழை பெய்யலாம்னு களத்துல நெல் காயப்போடாம இருக்கமா?" அவர் எழுந்தார். "பொன்னுத்தாயி நல்லா வரட்டும், அதுக்குத்தான் எல்லாம் செய்யிறோம். ஆனா தை வந்துரும். கை வைக்க ஒரு கை வேணும்ல? ஆலையில நாப்பது குடும்பம் சாப்பிடுது. நீயும் மருதும் சேர்ந்தா அடுத்த விரல் வந்துரும். வெளியில போய்க் கட்டி அஞ்சு விரலா பெத்துப் போட்டா மூட்டையில எதை அச்சடிக்க?"

பிள்ளை சாவதற்கு முன்பே அதன் இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆலையில் பெல்ட் தேய்ந்தால் புதுப் பெல்ட் வாங்கி வைக்கிற மாதிரி. அந்தப் பெல்ட்டைப் பெற்றுத் தருகிற எந்திரம் தான் என்பது கல்யாணசுந்தரிக்கு விளங்கியது.

அப்பா சின்னச்சாமியிடம் போனாள். அவர் வரப்பில் நின்று கேட்டார். சாது மனுஷன். "மச்சான் யோசிக்காம சொல்ல மாட்டாக" என்றார். அக்கா புருஷன் கிழக்கில் சூரியன் மறையும் என்றாலும் அவர் மேற்கே திரும்பி உட்கார்ந்து விடியலுக்குக் காத்திருப்பார்.

மருதுவிடம் போனாள். அவன் லாரிக்கு அடியில் படுத்திருந்தான். கால் மட்டும் தெரிந்தது. அவள் அந்தக் காலிடமே விஷயத்தைச் சொன்னாள்.

"என்னை வேணாங்குறியா, விரலை வேணாங்குறியா?" என்றது லாரி.

"ரெண்டையும்தான்."

அவன் வெளியே வந்து கையைத் துடைத்தான். கோபப்படவில்லை. "எனக்கும் ஒண்ணும் நீதான் வேணும்னு இல்லை. நீ பேசினா எனக்குப் பாதி விளங்காது. ஆனா எங்க அய்யாகிட்டச் சொன்னா லாரிச் சாவியை வாங்கி வச்சுக்கிருவாரு. நீ சொல்லிப் பாரு, நான் குறுக்க வரமாட்டேன்."

"அம்புட்டுத்தானா உங்க வீரம்?"

"அம்புட்டுத்தான்" என்று மறுபடியும் லாரிக்கு அடியில் போய்விட்டான்.

அக்கா ஆயியிடம் மட்டும் அவள் பேசவில்லை. ஆயி ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆறு விரல் பிள்ளையைப் பெற்றவள் என்பதால் வீட்டில் முதல் பந்தியில் அவளுக்குத்தான் இலை; கல்யாணம் காட்சி என்றால் அவள் கையால்தான் குத்துவிளக்கு. அந்தப் பெருமையில் மிதக்கிறவளிடம் என்ன பேச என்று கல்யாணசுந்தரி நினைத்தாள். அக்காவை முட்டாள் என்று நினைப்பதில் அவளுக்கு ஒரு சுகமும் இருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பேசும்போதெல்லாம் ஆயி வாசலில் பிள்ளையின் எச்சில் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்ன கேட்டாள், எவ்வளவு கேட்டாள் என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஆடி கழிந்ததும் கல்யாணத்தை நிச்சயம் பண்ணிப் பாக்கு மாற்ற நாள் குறித்தார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, பிள்ளையை ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதையும் அம்பலம் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். ஏனென்றால் அந்த வீட்டில் தாம்பூலத்தட்டை ஆறு விரல் கை தொட்டுக் கொடுத்தால்தான் பாக்கு மாற்றினதாகக் கணக்கு. வீட்டில் அந்தக் கை இல்லாத வருஷங்களில் கல்யாணமே பேசியதில்லை. மருதுவின் அத்தை ஒருத்தி அப்படிக் காத்திருந்தே முப்பது வயதுக்கு மேல் வாழ்க்கைப்பட்டாள். ஆயிக்கும் முத்துக்கருப்பனுக்கும், மாயக்கண்ணன் கை இருந்தபோதே, ஆயி தொட்டிலில் கிடக்கையிலேயே பாக்கு மாற்றிவிட்டார்கள்.

கூடத்தில் பாய் விரித்து இரண்டு பக்கத்துச் சனமும் உட்கார்ந்தது. இரண்டு பக்கம் என்று சொல்வதும் மரியாதைக்குத்தான். இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் எழுந்து அந்தப் பக்கம் போனாலும் முறை மாறாது. பொன்னுத்தாயிக்குப் பட்டுப்பாவாடை கட்டி ஆயியின் மடியில் உட்கார வைத்திருந்தார்கள். உதட்டில் காய்ந்த ரத்தம் தெரியாமல் இருக்க வெற்றிலைச் சாற்றைத் தடவியிருந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய், பூ.

பெரியவர் ஒருவர் வழக்கப்படி, "பொண்ணுக்குச் சம்மதந்தானே?" என்று கேட்டார். இருமுவது, தொண்டையைச் செருமுவது மாதிரி அதுவும் ஒரு சடங்கு. பதில் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கேட்டுவிட்டுப் பாக்கை எடுக்கக் குனிந்தார்.

"இல்லை" என்றாள் கல்யாணசுந்தரி.

குனிந்தவர் அப்படியே நின்றார்.

"எனக்குச் சம்மதம் இல்லை. மருது மச்சான் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இந்த வீட்டுக்குச் சாகுறதுக்குன்னு ஒரு பிள்ளை வேணுமாம், அதைப் பெத்துக்கொடுக்க நான் ஆள் இல்லை. மூணு பேரைச் சுவத்துல ஒட்டியாச்சு. இன்னும் எத்தனை வரிசை இடம் இருக்கு?"

சின்னச்சாமி, "ஆத்தா, ஆத்தா" என்று கையைப் பிசைந்தார். மலையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கல்யாணசுந்தரி கூச்சலுக்குத் தயாராக நின்றாள். அடிக்குக்கூடத் தயாராக இருந்தாள். அவள் தயாராக இல்லாதது ஒன்றே ஒன்றுதான்.

"சரி" என்றார் கருத்தையா அம்பலம், அமைதியாக. "படிச்ச பிள்ளை, பிடிக்கலைன்னா கட்டாயப்படுத்தக் கூடாது. காலம் அப்படி. மச்சான், சிட்டாளை வந்து உட்காரச் சொல்லுங்க."

சிட்டாள் சின்னச்சாமியின் கடைசி மகள். பதினாறு வயது. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள். தன் பெயரைக் கேட்டுக் காப்பித் தம்ளரோடு நின்றாள்.

கல்யாணசுந்தரி தங்கச்சியைப் பார்த்தாள். எழுபத்திரண்டு மார்க்கும் பட்டமும் கோபமும் சேர்த்து அவள் வாங்கிக் கொடுத்தது இவ்வளவுதான். தன் கழுத்திலிருந்து கழற்றித் தங்கச்சி கழுத்தில் மாட்டியிருக்கிறாள். "அது சின்னப் பிள்ளை" என்று ஆரம்பித்தாள். யாரோ, "நீதான் வேணாம்னுட்டியே, அப்புறம் என்ன?" என்றார்கள். சிட்டாளின் கையிலிருந்து தம்ளரை வாங்கிக்கொண்டு அவளை மணையில் உட்கார வைத்தார்கள். நியாயமாக, அவளிடமும், "சம்மதந்தானே?" என்று ஒரு வார்த்தை கேட்டார்கள். சிட்டாள் அழ ஆரம்பித்தாள். அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

"ஆயி, பிள்ளையைத் தட்டைத் தொடச் சொல்லு" என்றார் அம்பலம்.

தாம்பாளத்தை ஆயியின் முன்னால் கொண்டுவந்து நீட்டினார்கள். பொன்னுத்தாயி பழக்கத்தில் கையை நீட்டியது. அந்தக் கை தட்டுக்குப் போவதற்குள் ஆயி அதைப் பிடித்துத் தன் முந்தானைக்குள் வைத்து மூடினாள்.

"தொடாது" என்றாள்.

"பிள்ளைக்கு முடியலையா? நீ பிடிச்சுத் தொட வையி."

"முடியுது. தொடாது."

முத்துக்கருப்பன், "ஏய், என்ன பேசுற?" என்று எழுந்தான். ஆயி புருஷனைப் பார்க்கவில்லை. மாமனாரைப் பார்த்தாள்.

"மாமா, போன வாரம் இந்தக் கையில ஊசி குத்த நரம்பு கிடைக்காம ஏழு இடத்துல குத்தினாக. நான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க யாரும் அந்நேரம் அங்க இல்லை. இப்ப மட்டும் இந்தக் கை உங்களுக்கு வேணுமாக்கும். சுந்தரியும் வேணாம், சிட்டாளும் வேணாம். என் தங்கச்சிக ரெண்டு பேரும் நான் பிடிச்சதைப் பிடிக்க வேணாம். மருதுக்கு வெளியில பாருங்க. திருப்பத்தூர்ப் பக்கம் பாருங்க, கீழச்சிவல்பட்டியில பாருங்க, நம்மளுக்கு ஒட்டும் உறவும் இல்லாத இடமாப் பாருங்க. இந்தத் தட்டுக்கு இந்தக் கை வராது. நான் உசிரோட இருக்க வரைக்கும் வராது."

அம்பலம் வாயைத் திறந்தார். சுந்தரி பேசியபோது அவரிடம் பதில் இருந்தது. டாக்டரம்மாவுக்கும் பதில் இருந்தது. இதற்கு இல்லை. ஆறு விரல் தொடாத தட்டில் பாக்கு மாற்ற முடியாது என்பது அவரே நாற்பது வருஷமாக ஊருக்குச் சொன்ன சட்டம். அந்தக் கை ஆயியின் முந்தானைக்குள் இருந்தது. பெற்றவளின் கையை முறுக்கித்தான் அதை வெளியே எடுக்க வேண்டும். சபையைப் பார்த்தார். மருது தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு வெளியில பார்த்தாச் சரிதான்" என்றான், யாருக்கும் சரியாகக் கேட்காத குரலில். அவனுடைய மொத்த வீரமும் அன்றைக்கு அதில் செலவாகிவிட்டது.

மலையம்மாள் எழுந்து வந்தாள். ஆயியை அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் தாம்பாளத்தைக் கையிலெடுத்து, வந்தவர்கள் நடுவில் கொண்டுபோய் வைத்தாள். "வெத்திலை வாடிரும். போட்டுக்குங்க" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போனவள் அன்று முழுக்க வெளியே வரவில்லை.

ஒரு மாதத்துக்குள் அம்பலம் ஊரில் வேறு கதை சொல்லத் தொடங்கினார். வெளிச் சம்பந்தம் எடுப்பதுதான் இப்போது நாகரிகம் என்றும், அதற்குக் கை தொட வேண்டிய முறையே கிடையாது என்றும், தொழில் பெருக வேண்டும் என்றால் உறவும் பெருக வேண்டும் என்றும், தான்தான் முன்னின்று அந்த ஏற்பாட்டைச் செய்ததாகவும் சொன்னார். கேட்டவர்கள் அவருடைய முற்போக்கைப் பாராட்டினார்கள். கல்யாணசுந்தரி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சிட்டாள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

அதற்கு முன்னால், பாக்கு நின்ற மூன்றாம் நாள், பிள்ளையைத் திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நாள். அம்பலம் காருக்குச் சொல்லவில்லை. அக்காவும் தங்கையும் பிள்ளையோடு காரைக்குடிக்கு வந்து மதுரை பஸ்ஸில் ஏறினார்கள். ஆயி சன்னலோரம் உட்கார்ந்து பொன்னுத்தாயியை மார்போடு சாய்த்துக்கொண்டாள். பஸ் திருப்பத்தூரைத் தாண்டியது.

"அக்கா, நீ டாக்டரம்மா சொன்னது எல்லாத்தையும் கேட்டியா?" என்றாள் கல்யாணசுந்தரி.

"கேக்காம? நான் என்ன செவிடா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

"நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

பஸ் ஒரு கண்மாய்க்கரையில் திரும்பியது. தூக்கத்தில் பிள்ளையின் தலை ஆடாமல் இருக்க ஆயி கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டாள்.

"உனக்கும் மருதுக்கும் இருக்கலாம், இல்லாம இருக்கலாம்னாக. எனக்கும் என் புருஷனுக்கும் இருக்கு. அதுல 'லாம்' கிடையாது" என்றாள் ஆயி. "இன்னும் ரெண்டு மாசம் போனா, அடுத்தது எப்பன்னு என்கிட்டதான் வந்து நிப்பாக. ஆள் மாறினாலும் அவுகளுக்கு வேண்டியது அதுதான். இனிமே எனக்குப் பிள்ளை வேணாம்னா அதுக்கு என்ன செய்யணுமோ அதை டாக்டரம்மாகிட்டக் கேக்கணும்."

"நான் கேக்குறேன்க்கா. இங்கிலீஷுல விவரமா..."

"நீ ஒண்ணும் கேக்க வேணாம்" என்றாள் ஆயி. "இத்தனை நாளும் அந்தம்மா மாமாகிட்டயும் உன்கிட்டயும்தான் பேசுனாக. இன்னைக்கு நான் பேசுறேன். நீ பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வெளியில நில்லு."

கல்யாணசுந்தரி கையை நீட்டிப் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.